ஒரே மடிக்கணினி, உள்ளே இன்டெல்லா ஏஎம்டியா: தீர்மானிப்பவர் யார்?

துணுக்காய்_ஆசிரியை எழுதியது:

வணக்கம். துணுக்காய்க் கல்வி வலயத்தில் உள்ள ஒரு பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பித்து வருகிறேன். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் கணினி அறைக்கு இருபது மடிக்கணினிகள் வாங்கித்தர முன்வந்திருக்கிறார்கள். கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் விலைமனுப் பெற்றோம். மூன்று கடைகளும் ஒரே உற்பத்தியாளரின் மடிக்கணினியையே காட்டியிருக்கின்றன. வெளித்தோற்றத்தில் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இரண்டில் இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ3-1215யு புரொசெசர் இருக்கிறது, ஒன்றில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3 7320யு இருக்கிறது. ஏஎம்டி உள்ளது விலை குறைவு.

கொள்வனவுக் குழுவில் உள்ள பெரியவர் ஒருவர் "ஏஎம்டி சூடேறும், வேண்டாம்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். இன்னொருவர், விலை குறைந்ததை விட்டுக் கூடியதை வாங்கினால் பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கிறார். கொழும்புக் கடைக்காரரோ தொலைபேசியில், அலுவலகப் பாவனைக்கான வரிசையில் தம்மிடம் இன்டெல் மட்டுமே வருகிறது, ஏஎம்டி வேண்டுமென்றால் மலிவு வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு உறுத்துவது அந்தக் கடைசிச் சொல்தான். உயர்தர மாணவர்களுக்கு முறைவழியாக்கி (புரொசெசர்) பற்றிப் படிப்பிக்கும்போது கடிகார வேகம், கருக்களின் எண்ணிக்கை, பதுக்கு நினைவகம் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். கணினி செய்யும் நிறுவனம் இரண்டு வழங்குநரில் ஒருவரைத் தெரிவுசெய்வதும் அந்த அளவுகளைப் பார்த்துத்தானா, அல்லது எங்கள் கண்ணுக்குத் தெரியாத வேறு கணக்கு ஏதும் உண்டா? விபரம் தெரிந்தவர்கள் சொன்னால் குழுவுக்கு முன்னால் நான் தடுமாறாமல் பேசலாம்.


பரந்தன்_கடைக்காரன் எழுதியது:

ரீச்சர், நிறுவனங்களின் உள்விவகாரம் எனக்குத் தெரியாது. பதினைந்து வருடமாக ஏ9 வீதியோரம் கணினி திருத்துகிறேன், அந்த அளவில் சொல்கிறேன்.

பெரியவரின் சூட்டுக் கதை முழுப் பொய் அல்ல, ஆனால் மிகவும் பழையது. 2001 வாக்கில் விற்ற ஏஎம்டியின் அத்லன் புரொசெசர்களின் மேலுள்ள வெப்பந்தணிக்கும் உலோகக் கட்டை கழன்றால், அவை சில நொடிகளில் கருகிவிடும். அதே நிலையில் இன்டெல்லின் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய காணொளி அந்தக் காலத்திலேயே உலகமெல்லாம் சுற்றியது. பிறகு 2004 இல் வந்த பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4 தான் சூட்டுக்குப் பேர்போனதாயிற்று. ஆனாலும் கெட்ட பெயர் ஏஎம்டியின் வீட்டிலேயே தங்கிவிட்டது. நீங்கள் சொன்ன இரண்டு புரொசெசருக்கும் அடிப்படை மின்வலு ஒரே 15 வாட்தான்.

என் மேசைக்கு வருபவற்றில் புரொசெசர் பழுதானது என்று ஒன்றைக் காண்பதே அபூர்வம். (பத்திரிகைகளில் அதைச் 'சில்லு' என்று எழுதுகிறார்கள். ஒருமுறை நானும் அப்படிச் சொல்லப்போய், வந்தவர் வெளியே ஓடித் தன் உழவு இயந்திரத்தின் சில்லைப் பார்த்துவிட்டு வந்தார்.) பெரும்போக அறுவடை நேரம் வெட்டும் இயந்திரங்கள் கிளப்பும் தூசு விசிறிக்குள் போய் அடைத்துக்கொள்வதும், மின்சாரம் ஏறி இறங்குவதால் மின்னேற்றி பழுதாவதும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதற்கு இன்டெல் என்றும் ஏஎம்டி என்றும் பேதம் கிடையாது.


மாங்குளத்தான் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பிறந்தது மாங்குளம், இப்போது ரொறன்ரோவில் மின்னணுக் கருவிகள் செய்யும் ஓர் இடத்தில் கொள்வனவுப் பிரிவில் இருக்கிறேன். நாங்கள் வாங்குவது கணினிப் புரொசெசர் அல்ல, ஆனால் வழங்குநரைத் தெரிவுசெய்யும் கணக்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நீங்கள் சந்தேகப்பட்ட வேறு கணக்கு உண்டு.

எங்கள் சித்தப்பாவுக்குச் சந்தியில் ஒரு கடை இருந்தது. குளிர்பான நிறுவனமொன்று அவருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்சாதனப் பெட்டியொன்றை இனாமாகக் கொடுத்தது. போட்டி நிறுவனத்தின் போத்தல் அதற்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது பேச்சு. மற்ற நிறுவனத்தின் முகவர் வந்து போத்தலுக்கு ஐந்து ரூபா குறைத்துத் தருகிறேன் என்றபோது, "பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே தம்பி" என்று சித்தப்பா சிரித்தார். பெட்டி போனால் அந்த வெயிலில் குளிர்ந்த எதையும் அவர் விற்க முடியாது. ஐந்து ரூபா அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

இதையே பல கோடி டொலர் அளவில் பார்க்க வேண்டுமானால் ஐரோப்பிய ஆணைக்குழு 2009 மே மாதத்தில் இன்டெல்லுக்கு எதிராக வெளியிட்ட தீர்மானத்தைப் பாருங்கள். வணிகப் பாவனைக்கான மேசைக்கணினிகளில் குறைந்தது 95 சதவீதத்துக்கு இன்டெல்லிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எச்பி நிறுவனத்துக்கு விலைக்கழிவு கிடைத்தது, என்இசி நிறுவனத்துக்கு அந்த அளவு 80 சதவீதம், ஏஎம்டி பொருத்திய ஒரு மடிக்கணினியை ஏசர் நிறுவனம் 2003 செப்டெம்பரிலிருந்து 2004 ஜனவரிக்குத் தள்ளிப்போட்டதற்கும் இன்டெல் கொடுத்த பணமே காரணம் என்றெல்லாம் அதில் வருகிறது. எல்லாவற்றிலும் எனக்கு வியப்பானது வேறொன்று. ஏஎம்டி ஒரு கணினி உற்பத்தியாளருக்குப் பத்து லட்சம் புரொசெசர்களை இனாமாகவே தருவதாகச் சொன்னது. அந்த உற்பத்தியாளர் எடுத்துக்கொண்டது 1,60,000 மட்டும். பத்து லட்சத்தையும் எடுத்திருந்தால், தான் இன்டெல்லிடம் வாங்கும் மீதிப் பல பத்து லட்சம் புரொசெசர்களுக்குக் கிடைக்கும் கழிவு முழுவதையும் இழந்திருப்பார். இலவசமாக வரும் பொருளையே வாங்க முடியாத நிலை என்றால், குறைந்த விலையில் வருவதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

டெல் நிறுவனத்தின் கதை இன்னும் கடுமையானது. 2006 வரை அது இன்டெல்லைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அதற்காக இன்டெல்லிடமிருந்து வந்த தொகை டெல்லின் செயற்பாட்டு இலாபத்தில் 2003 நிதியாண்டில் 10 சதவீதமாக இருந்து, 2006 நிதியாண்டில் 38 சதவீதமாக உயர்ந்து, 2007 நிதியாண்டின் முதற் காலாண்டில் 76 சதவீதத்தைத் தொட்டது என்று அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு வழக்கில் குற்றஞ்சாட்டியது. இந்த வருமானத்தைப் பங்குதாரருக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்ற அந்த வழக்கை டெல் 2010 இல், குற்றத்தை ஏற்கவும் இல்லாமல் மறுக்கவும் இல்லாமல், 10 கோடி டொலர் தண்டப்பணம் கட்டித் தீர்த்துக்கொண்டது.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. இன்டெல்லுக்கு ஏஎம்டி என்ற போட்டியாளர் வாய்த்ததே ஒரு கணினி உற்பத்தியாளரின் வற்புறுத்தலால்தான். 1981 இல் ஐபிஎம் தன் முதல் தனிநபர் கணினியை இன்டெல் 8088 புரொசெசரோடு வெளியிட்டபோது, ஒரே ஒரு வழங்குநரை நம்பித் தொழில் செய்ய அது விரும்பவில்லை. அதனால் 1982 இல் இன்டெல்லும் ஏஎம்டியும் ஒப்பந்தம் செய்து, அதே வடிவமைப்பை ஏஎம்டியும் செய்து விற்கத் தொடங்கியது. உதிரிப்பாகம் ஒரே கடையில் மட்டும் கிடைக்கும் உழவு இயந்திரத்தை வன்னியில் யார் வாங்குவார்கள்? அதே புத்திதான். ஆனால் பின்னர் 386 என்ற புரொசெசர் வந்தபோது இன்டெல் அதன் வடிவமைப்பைக் கொடுக்க மறுத்துவிட்டது. நீண்ட இழுபறிக்குப் பிறகு ஏஎம்டி தன் சொந்த 386 ஐச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991 இல். 'இன்டெல் இன்சைட்' என்ற ஒட்டி பிறந்ததும் அதே 1991 இல்தான். அந்த ஒட்டியை ஒட்டி விளம்பரம் செய்யும் கணினி நிறுவனங்களுக்கு விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் திருப்பிக் கொடுத்தது. இப்படித்தான், வாங்குபவர் வேண்டுமென்று உண்டாக்கிய இரண்டாவது வழங்குநரைப் பத்தே வருடத்தில் வாங்குபவரே ஓரங்கட்டத் தொடங்கினார்.


அறிவியல்நகர்_பொறியியல் எழுதியது:

மாங்குளத்து அண்ணை சொன்ன விபரங்கள் சரி, ஆனால் கதை 2009 இல் முடியவில்லை. முடிந்ததாக எடுத்துக்கொண்டால் ஆசிரியை தவறான முடிவுக்குப் போய்விடக்கூடும்.

அந்த 2009 தீர்மானத்தில் ஆணைக்குழு இன்டெல்லுக்கு விதித்த 106 கோடி யூரோத் தண்டப்பணத்தை ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2022 ஜனவரியில் நீக்கிவிட்டது. நிபந்தனையோடு கொடுத்த விலைக்கழிவுகள் போட்டியை உண்மையில் நசுக்கக்கூடியவையா என்று ஆணைக்குழு செய்த ஆய்வு போதாது என்பது அதன் முடிவு. 2024 ஒக்டோபரில் மேல்நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. எஞ்சி நின்றது, எச்பி, ஏசர், லெனோவோ ஆகியவை ஏஎம்டி பொருத்திய கணினிகளைத் தாமதப்படுத்தவும் கைவிடவும் கொடுத்த நேரடிப் பணம் பற்றிய பகுதி மட்டுமே. அதற்காக 2023 செப்டெம்பரில் 37.6 கோடி யூரோ புதிதாக விதித்தார்கள். ஆகவே 95 சதவீதக் கணக்கையும் ஏசர் தாமதத்தையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. மொத்தமாக வாங்குபவருக்குக் கழிவு கொடுப்பது எந்த மொத்த வியாபாரியும் செய்வது. போட்டியாளரின் பொருளைக் கடைக்குள் எடுக்காதே என்று காசு கொடுப்பது வேறு. இன்டெல் 2009 நவம்பரில் ஏஎம்டிக்கு 125 கோடி டொலர் கொடுத்து, அவர்களுக்கிடையிலான வழக்குகளைத் தனியே முடித்துக்கொண்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்ல ஏஎம்டி அபிமானிகளுக்குப் பிடிக்காது. கணினி உற்பத்தியாளருக்கு வேண்டியது நல்ல புரொசெசர் மட்டுமல்ல. பாடசாலை திறக்கும் மாதத்துக்கு முன்னரே குறித்த திகதியில், குறித்த எண்ணிக்கையில், லட்சக்கணக்கில் வந்து சேரும் புரொசெசர். 2003 இல் ஏஎம்டியின் ஒப்டெரன், அத்லன் 64 புரொசெசர்கள் வந்து இன்டெல்லைத் தொழில்நுட்பத்தில் முந்தியபோது, ஏஎம்டி அவற்றைச் செய்வதற்கு ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த தொழிற்சாலையையே பெரிதும் நம்பியிருந்தது. டெல் அளவுள்ள ஒரு நிறுவனம் முழுதாக மாறியிருந்தால் அந்தத் தொழிற்சாலையால் ஈடுகொடுத்திருக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. அடுத்து 2007 இறுதியில் வந்த பினொம் என்ற ஏஎம்டி புரொசெசர் ஒரு வடிவமைப்புப் பிழையோடு வந்தது. 2011 இன் புல்டோசர் எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. கழிவு எதுவும் இல்லாமலேயே உற்பத்தியாளர்கள் அந்த ஆண்டுகளில் ஏஎம்டியை விட்டு விலகியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

2017 இல் ரைசன் வந்த பிறகே நிலை மாறியது, அதற்கு அடுத்த ஆண்டு இன்டெல் தன் காலிலேயே கல்லைப் போட்டுக்கொண்டது. 10 நனோமீற்றர் என்ற புதிய, இன்னும் நுண்ணிய உற்பத்தி முறை வருடக்கணக்கில் பிந்தியதால் எல்லாப் புரொசெசரையும் பழைய 14 நனோமீற்றர் முறையிலேயே செய்ய வேண்டியதாகி, 2018 இல் கடும் தட்டுப்பாடு வந்தது. இருந்த கொள்ளளவை விலை கூடிய வழங்கிக் கணினிப் புரொசெசர்களுக்கும் கோர் வரிசையின் மேல்தட்டுக்கும் இன்டெல் ஒதுக்கியதால், மலிவு மடிக்கணினிக்குப் புரொசெசர் கிடைக்காத உற்பத்தியாளர்கள் அந்த இடத்தில் ஏஎம்டியைப் போட்டார்கள். 2019 தொடக்கத்தில் எச்பியும் ஏசரும் குரோம்புக் என்ற மலிவு மடிக்கணினிகளில் ஏஎம்டியைப் புகுத்தியது இந்தச் சூழலில்தான். கொழும்புக் கடைக்காரர் சொன்ன "மலிவு வரிசையில் பார்" என்பதற்கு ஒரு பாதி விடை இங்கே இருக்கிறது: ஏஎம்டி அந்த வாசல் திறந்திருந்ததால் அதன் வழியாக உள்ளே வந்தது.

மறு பாதி அலுவலக வரிசையின் இயல்பில் இருக்கிறது. ஒரே மாதிரி மடிக்கணினியில் இன்னொரு வழங்குநரின் புரொசெசரைப் போடுவது மின்குமிழை மாற்றுவது போன்ற வேலை அல்ல. தாய்ப்பலகையைப் புதிதாக வடிவமைக்க வேண்டும், தொடக்க மென்பொருளை வேறாக எழுத வேண்டும், வெப்பப் பரிசோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும், திருத்த வேலைக்கென உதிரிப் பலகைகளை வருடக்கணக்கில் இருப்பு வைக்கவும் வேண்டும். ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே அமைப்பில் வைத்திருக்கும் வங்கி போன்ற வாடிக்கையாளர்களோ, இன்டெல் 2006 இல் கொண்டுவந்த வி-புரோ (vPro) என்ற, தூரத்திலிருந்தே கணினிகளை முகாமை செய்யும் வசதிக்குப் பழகிவிட்டார்கள். அதற்கும் முன்னரே, 2003 இல், 'சென்ட்ரினோ' என்ற பெயரை மடிக்கணினியில் போட வேண்டுமென்றால் புரொசெசர், துணைச் சில்லுத் தொகுதி, கம்பியில்லா இணைப்பு மூன்றையும் இன்டெல்லிடமே வாங்க வேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். மூன்றையும் ஒன்றாகப் பரிசோதித்துக் கொடுத்ததால் உற்பத்தியாளருக்கு வடிவமைப்பு வேலை குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்; ஒட்டிக்காக மட்டும் அவர்கள் போகவில்லை. இப்போது டெல் தன் டெல் புரோ வணிக வரிசைக்கே 2025 ஜனவரியில் ஏஎம்டியை அறிவித்திருக்கிறது. கொழும்புக் கடைக்கு எது வருகிறது என்பது இறக்குமதியாளரின் விருப்பம்.

(அப்பிள் 2020 இல் இன்டெல்லை விட்டுத் தன் சொந்தப் புரொசெசருக்குப் போனதை இங்கே இழுக்கவில்லை. மென்பொருளும் கணினியும் ஒரே கையில் இருப்பவர் எடுக்கக்கூடிய முடிவு அது. மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை.)


துணுக்காய்_ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குளிர்சாதனப் பெட்டிக் கதையை நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆனால் அறிவியல்நகர்த் தம்பி சொன்னதைப் படித்த பிறகு எனக்கு ஒரு குழப்பம் மிஞ்சுகிறது. ஏஎம்டி இப்போது நன்றாகச் செய்கிறது என்றால், எனக்கு வந்த 7320யு வாங்கத் தகுந்ததுதானே? எண்ணும் 7000 வரிசை, இன்டெல்லுடையது வெறும் 1215.


அறிவியல்நகர்_பொறியியல் எழுதியது:

அந்த எண்ணில்தான் சூட்சுமம், ரீச்சர். ஏஎம்டியின் 7000 வரிசை மடிக்கணினிப் புரொசெசர்களில் முதல் இலக்கம் வெளிவந்த ஆண்டைக் குறிக்கும். உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதைச் சொல்வது மூன்றாம் இலக்கம். 7320 இல் அது 2. அதாவது 2019 இல் வந்த சென் 2 வடிவமைப்பு, புதிய சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஏஎம்டி மட்டும் இதைச் செய்வதாக நினைத்துவிடாதீர்கள்: இன்டெல்லின் ஐ3-என்305 இல் ஐ3 என்ற பெயர் இருக்கிறது, உள்ளே இருக்கும் எட்டும் மின்சாரம் சேமிக்கும், வேகம் குறைந்த சிறிய கருக்கள். உங்களுக்கு வந்த 1215யு இல் இரண்டு பெரிய கருக்களும் நான்கு சிறிய கருக்களும் உண்டு. இந்த இரண்டுக்குள் மட்டும் தெரிவு என்றால் நான் இன்டெல்லையே எடுப்பேன். அது நிறுவனத்தைப் பார்த்துச் சொல்வதல்ல. மூன்றாம் இலக்கம் 3 ஆன 7530யு போன்ற ஒன்று வந்திருந்தால் பேச்சு வேறு.


பரந்தன்_கடைக்காரன் எழுதியது:

தம்பி விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். 7320யு உள்ள மடிக்கணினியில் நினைவகம் பலகையோடு ஒட்டியே வரும். பிறகு கூட்டவும் முடியாது, பழுதானால் கழற்றி மாற்றவும் முடியாது. 8 ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். 1215யு உள்ளவற்றில் பெரும்பாலும் செருகும் இடம் இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் அல்ல, ஆகையால் கடையில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பாடசாலைக்கு வாங்கும் பொருள் ஏழெட்டு வருடம் உழைக்க வேண்டும் ரீச்சர்; மூன்றாம் வருடம் ஒரு நினைவகத் தட்டைப் போட்டு உயிர் கொடுக்க முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.


துணுக்காய்_ஆசிரியை எழுதியது:

அப்படியே செய்கிறேன் அண்ணை. மூன்று கடைகளுக்கும் திருத்திய விலைமனுக் கடிதம் எழுதிவிட்டேன்: இன்டெல் என்றோ ஏஎம்டி என்றோ குறிப்பிடவில்லை, புரொசெசரின் முழு எண், கருக்களின் எண்ணிக்கை, நினைவகம் செருகியதா ஒட்டியதா, காலியான செருகுமிடம் உண்டா, தாய்ப்பலகைக்கு எத்தனை வருட உத்தரவாதம், திருத்த வேலை கிளிநொச்சியில் நடக்குமா அல்லது கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. 7530யு உள்ளது ஏதும் வந்திருக்கிறதா என்று வவுனியாக் கடையில் விசாரித்தேன். இறக்குமதியாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.